வேப்பிலை கட்டிய வாசலில் நின்று சொன்னது

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. உட்காருவேன், நாலு வரி எழுதுவேன், அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவேன். நான் எட்டாவது வரை படித்தவள். ஆனால் தயங்கியது எழுத்துப் பிழைக்காக இல்லை. நான் ஓட்டுப் போடுகிற கட்சியின் தலைவர் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. வெளியே சொன்னால் எதிர்ப்பக்கத்துக்காரர்கள் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். சொல்லாவிட்டால் எனக்குள்ளேயே கிடந்து புளிக்கிறது. இதைவிடப் பெரிய தயக்கம் இன்னொன்று. அது சந்தேகம்தானா, இல்லை வெறும் வயிற்றெரிச்சலா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தாயே, பொய் கலக்காமல் எழுத வை என்று மாரியம்மன் படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது. என் மாமனார் காலம் வரை அடுத்தவர் காட்டில் களையெடுத்தும் கதிரறுத்தும் பிழைத்த குடும்பம். எங்கள் காலத்தில் எல்லோரும் பயராபீஸுக்குப் போகிறோம். பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எனக்குக் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலை. எவ்வளவு செலுத்துகிறோமோ அவ்வளவுக்குத்தான் கூலி. அதனால் வேலை செய்கிறவர்கள் யாரும் தலை நிமிர்வதில்லை. வெயில் ஏற ஏறக் கை இன்னும் வேகமாகத்தான் ஓடும், மதியத்துக்கு மேல் களைத்துவிடும் என்று தெரியுமே.

என் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் சங்கம் வைத்தவர்களில் ஒருவர். ஆளுக்கு ஆள் மட்டம் கிடையாது, பொம்பளைப் பிள்ளை படிக்க வேண்டும், கூலி கேட்பது பிச்சை கேட்பது இல்லை. இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அப்படிப் பேசுகிற கட்சிக்குத்தான் முதல் ஓட்டிலிருந்து போட்டு வருகிறேன். அந்தக் கட்சியில் சாமி கும்பிடாதவர்களும் உண்டு. என் வீட்டுக்காரர் அதை வைத்து என்னைக் கிண்டல் செய்வார்.

"நெத்தி நெறையத் துன்னூறப் பூசிக்கிட்டு அங்கன போயி எப்படிக் குத்துற?"

"கோயில்ல கூழ் ஊத்துறப்போ நீ எந்தத் தெரு, நீ யாரு மகன்னு கேட்டா ஊத்துறாக? அத ஊரு பூராவும் செய்யச் சொல்றாக. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

என் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி, ஒரு சித்திரை மாத உச்சிப் பொழுதில் மருந்து கலக்குகிற அறை வெடித்ததில் செத்துப்போனார். அவர் மனைவியும் நானும் ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொள்கிற இரண்டு வீட்டில் இருக்கிறோம். அவள் பட்டாசுப் பெட்டிக்கு அட்டை ஒட்டுகிற வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். புருஷனைப் பறிகொடுத்த ஓரகத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

அந்த விபத்துக்குப் பிறகு ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். அதில் நான் எழுந்து உச்சி வெயில் வேலையைப் பற்றிப் பேசினேன். அதை யாரோ மேலே சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பங்குனியில் கட்சியின் ஒன்றியச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தம்பி முறையாகிறவர். தலைவர் நம் பக்கம் வருகிறார் என்றும், பட்டாசுத் தொழிலாளி ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பேசப் போகிறார் என்றும் சொன்னார்.

"யாரு வீடு தம்பி?"

"உங்க வீடுதான்க்கா. அன்னைக்குப் பேசுனீகள்ல, அதையே அவருகிட்டச் சொல்லுங்க. கூடக் கொறைய வேணாம்."

அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரர் முன்சுவருக்கு வெள்ளையடித்தார். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, நல்ல மெரூன் நிறத்தில், சாத்தூரில் வாங்கி வந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மருந்து செலுத்திக்கொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். நீட்டி முழக்க வேண்டாம் என்று அதைச் சுருக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் நின்றது இதுதான்: "உச்சி வெயில்ல மருந்து நம்ம பேச்சக் கேக்காது, ஆத்தா பேச்சத்தான் கேக்கும். அந்நேரம் மருந்து ரூமப் பூட்டச் சொல்லுங்க. பூட்டுன நேரத்துக்குக் கூலியப் பிடிக்கக் கூடாதுன்னும் சொல்லுங்க."

தலைவர் வருவதற்கு முந்தின நாள் காலையில் என் மகளுக்கு மேல் கொதித்தது. பொழுது சாய்வதற்குள் முதுகிலும் நெஞ்சிலும் முத்து முத்தாகப் போட்டுவிட்டது. அம்மை. எங்கள் வழக்கத்தில் அது நோய் என்பதற்கு முன்னால் மாரியாத்தா வந்து இறங்கியிருப்பது. வாசலில் வேப்பிலை கட்டினால் அடுப்பில் தாளிக்க மாட்டோம், அந்த வீட்டிலிருந்து யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க மாட்டோம், அடுத்த வீட்டுப் படியும் ஏற மாட்டோம். வெளியாளும் உள்ளே வரக் கூடாது. ஆஸ்பத்திரியில் காட்டி மருந்தும் வாங்கி வந்தேன், வேப்பிலையும் கட்டினேன்.

ஒன்றியச் செயலாளர் ஏற்பாடு எல்லாம் சரியா என்று பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னக்கா இது?"

"மக மேல ஆத்தா வந்துருக்கா தம்பி."

"இன்னைக்குப் பாத்தா வரணும்." தலையைச் சொறிந்தார். "ஒண்ணு செய்யுங்க. புள்ளயப் பின்னாடி ரூம்ல படுக்க வைங்க. வேப்பிலைய ஒரு அரை மணி நேரம் எடுத்து உள்ள வச்சிருங்க. தலைவரு போனதும் கட்டிக்கிடலாம்."

"ஆத்தாளை அரை மணி நேரம் வெளிய போயி நில்லுன்னு சொல்லச் சொல்றியா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படிச் சொல்ற? சரி, சாமிய விடு. உந் தலைவருக்கும் ஒட்டிக்கிட்டா மேடை மேடையா நீயா போயிப் பேசுவ?"

அவர் திரும்பி அடுத்த கதவைப் பார்த்தார்.

"இங்கன யாரு இருக்காக?"

"என் கொழுந்தன் பொண்டாட்டி."

"போன வருசம் வெடியில போனாரே, அவரு வீடா?" அவர் முகத்தில் சட்டென்று ஒரு தெளிச்சி வந்தது. "அக்கா, இது இன்னும் நல்லாருக்கும்க்கா."

அந்த வார்த்தை எனக்கு இன்றைக்கும் காதுக்குள் இருக்கிறது. இது இன்னும் நல்லாருக்கும். என்னுடைய நாற்காலியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அம்மை வீட்டிலிருந்து பொருள் போகக் கூடாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது அவர் தோளில் இருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கொண்டுபோங்கள் என்றேன். வேறென்ன சொல்ல?

சாயங்காலம் என் ஓரகத்தி வாசலின் அந்தக் கடைசியில் வந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, எனக்கு நாக்கே எழாதே. என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுங்க."

நான் என் படியில் நின்றபடி அந்த மூன்று வரியைச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். உச்சி வெயில் வரை வந்துவிடும், அதோடு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். மறுபடி சொல்லச் சொன்னேன். அவள் புருஷன் செத்த நேரத்தை அவள் வாயாலேயே சொல்ல வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு அப்போது படவில்லை. என் வார்த்தை கெட்டுவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

மறுநாள் தலைவர் வந்தார். தெருவில் கால் வைக்க இடமில்லை. நான் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த அவள் கதவு வழியாகப் பார்த்தேன். என் மெரூன் நாற்காலியில் உட்கார்ந்தார். என் ஓரகத்தி எதிரே தரையில் உட்காரப் போனாள், அவர் விடவில்லை, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போடச் சொன்னார். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் வந்தது, நெஞ்சில் சுருக்கென்றும் இருந்தது. அவள் வாயே திறக்கவில்லை. அழுதாள். கேமராக்காரர்கள் எல்லோரும் கிட்டே போனார்கள். அவர் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தணிந்த குரலில் அவளிடம் பேசினார். அவளும் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தவர் என் வாசல் வேப்பிலையைப் பார்த்தார். அம்மை போட்டிருக்கிறது என்று ஒன்றியச் செயலாளர் அவர் காதில் சொன்னார். கேமராக்காரர்களுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், ஆளாளுக்குக் கார் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். தலைவர் மட்டும் நடுவாசலில் நின்று, படிக்கு வந்து நின்ற என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பிள்ளைக்கு எப்படிம்மா இருக்கு?"

"ஆத்தா பாத்துக்கிடுவா ஐயா."

"டாக்டர்கிட்ட?"

"காட்டியாச்சு. ஐயா, ஒரு வார்த்தை."

அந்த மூன்று வரியையும் சொன்னேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அவர் போனைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்றவர் கையைத் தொட்டதற்கும் திரும்பவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "இதை நான் மறக்க மாட்டேம்மா" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவர் முகத்தில் பொய் இல்லை. வெயிலில் அவருக்கு வியர்த்து ஊற்றியது. உள்ளே போய் மகளுக்கு வேப்பிலையால் விசிறிக்கொண்டே நானும் அழுதேன்.

மகளுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள், கம்பெனி வேனில் கூட வருகிற ஒருத்தி போனைத் தூக்கிக் காட்டினாள்.

"இங்க பாரு, உன் ஓரகத்தி எம்புட்டுப் பெரிய ஆளாயிட்டா."

தலைவர் எங்கோ ஒரு பெரிய மேடையில் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் பெரிய திரையில் என் ஓரகத்தி அழுகிற முகம். அவர் சொன்னது இது: "சிவகாசிப் பக்கத்தில், கணவனை இழந்த ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். 'உச்சி வெயிலில் மருந்து யார் பேச்சையும் கேட்காது' என்றார். அந்தச் சகோதரி கேட்கிறார், இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் எங்கே? உயர்த்திக் கொடு, உடனே கொடு!" கூட்டம் விசில் அடித்தது.

என் வார்த்தை. ஆத்தாவை மட்டும் அதிலிருந்து உருவி எடுத்துவிட்டார். அவள் முகத்தில் என் வாயை ஒட்டிவிட்டார். மருந்து அறையைப் பூட்டுகிற பேச்சையே காணோம். செத்தால் எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லையே, சாகாமல் இருக்கத்தானே வழி கேட்டேன்.

வேன் முழுக்க என் ஓரகத்தியைப் பற்றித்தான் பேச்சு. அது நான் சொன்னது என்று மெதுவாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைத் தட்டினாள்.

"சும்மா இருக்கா. புருசன் செத்தவ அவ. அதுலயுமா பங்கு கேப்ப?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் மனசு அடங்கவில்லை. அந்தப் பக்கம் வருகிற கட்சிக்காரர்கள் எல்லாம் அவள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். மகளிர் அணியில் அவளுக்கு ஒரு பொறுப்பு என்றார்கள். தலைவரும் அவளும் இருக்கிற போட்டோவைச் சட்டம் போட்டு, என் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டியிருந்தாள். வாசல் தெளிக்கும்போது அவள் பக்கத்துக் கோட்டைத் தாண்டி ஒரு சொட்டுத் தண்ணீர் போகாமல் தெளித்தேன். முன்பெல்லாம் இரண்டு வாசலுக்கும் சேர்த்துத்தான் தெளிப்பேன்.

தலைவர் மேலேயும் குற்றம் தேட ஆரம்பித்தேன். வந்த அன்றைக்கே சாயங்காலம் சிவகாசியில் முதலாளிகளையும் பார்த்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று இருந்தது. அவர் சட்டை கசங்காமல் இருந்தது குற்றம். ஸ்டூல் போடச் சொன்னதுகூட நடிப்போ என்று பட்டது. ராத்திரிச் சோறு போடும்போது இதையெல்லாம் சொன்னால் வீட்டுக்காரர் சிரிப்பார்.

"ஒன்ன ஏமாத்துனது அவரா, இவளா? ஒரு ஆள முடிவு பண்ணு. அம்புட்டுப் பேரோடயும் சண்டை போட ஒனக்கு எங்க நேரம் இருக்கு?"

அந்த வருடம் ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். மகளுக்கு நல்லபடியாக இறங்கியதற்காக நானும் ஒரு பானை நேர்ந்திருந்தேன். பானையைத் தூக்க ஒரு கை வேண்டும். என் ஓரகத்தி வந்து மறு பக்கத்தைப் பிடித்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல முடியாது, கோயில் காரியம். இறக்கி வைத்த பிறகு அவள்தான் ஆரம்பித்தாள்.

"என் மேல என்னக்கா கோவம்?"

"ஒனக்குத் தெரியாதா? நான் சொல்லிக் குடுத்தத ஒன் பேர்ல ஊரு பூராவும் பேசுறாக. ஒரு வார்த்தை, 'அது எங்க அக்கா சொன்னது'ன்னு சொல்ல ஒனக்கு வாய் வரல."

"நான் அதச் சொல்லவே இல்லக்கா. அவரா சேத்துக்கிட்டாரு." கொஞ்ச நேரம் கூழைக் கலக்கினாள். "எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு என்ன வேணும்னு கேட்டாரு. நீங்க சொன்னது எனக்கு நெனப்புல இருந்துச்சு. சொல்ல மனசு வரல. கம்பெனியில எங்க வீட்டுக்காரரு பேரே பதிவுல இல்லங்கிறாக, நிவாரணத்துக்கு அலையா அலையுறேன், அத மட்டும் சொன்னேன்."

"ஏன் புள்ள, அதையும் சேத்துச் சொன்னா என்ன?"

"சாகாம இருக்க நீங்க வழி கேட்டீக. ஒங்க வீட்ல ஆளு இருக்காரு, கேக்குறீக. எனக்கு அது முடிஞ்சுபோச்சேக்கா. உச்சி வெயில்ல பூட்டணும்னு என் வாயால சொன்னா, அன்னைக்கு ஏன் பூட்டலன்னு எனக்குள்ள கேக்குது. ஒங்களப் பாத்தா எனக்கு எம்புட்டு ஆங்காரமா இருக்கும் தெரியுமா? சாயங்காலம் ஆம்பளைக வர்ற வேன் சத்தம் கேட்டா ஒங்க வீட்ல ஒலை வைக்கிறீக. எனக்கு அந்தச் சத்தமே ஆகாது."

 எங்களுக்கு முன்னால் ஆள்கள் தூக்குச் சட்டியோடு நின்றார்கள். நான் ஊற்றினேன், அவள் வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குள் போனேன். அந்த மெரூன் நாற்காலியில் துவைத்த துணி குவிந்து கிடந்தது. இரண்டு பேரும் தரையில்தான் உட்கார்ந்தோம்.

இப்படியாக அவள் மேல் இருந்தது போயிற்று. ஆனால் அதைக் கழித்த பிறகும் தலைவர் மேல் இருந்தது முழுக்கப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பொறாமையை எல்லாம் சலித்துவிட்டுப் பார்த்தேன். அவர் முதலாளிகளைப் பார்த்தது தப்பில்லை, இரண்டு பக்கமும் பேசித்தான் ஆக வேண்டும். என் பேரைச் சொல்லாததும் போகட்டும், எத்தனை பேரை அவர் நினைவில் வைப்பார். என் ஓரகத்தி கேட்டதைக் கேட்டது நல்ல காரியம்தான், அவளுக்குப் பாதியாவது வந்தது அதற்குப் பிறகுதான். சலித்த பிறகும் சல்லடையில் ஒன்று நின்றது. இரண்டு பொம்பளைகள் இரண்டு விஷயம் கேட்டோம். விசில் வருகிற விஷயத்தை எடுத்துக்கொண்டு, வராத விஷயத்தை ஏன் விட்டார்?

வேனில் கேட்டுப் பார்த்தபோது அதுவும் புரிந்தது. மதியம் பூட்டச் சொன்னேன் என்றதும் பெண்களே என்மேல் பாய்ந்தார்கள்.

"யாருக்கா ஒன்னய அதச் சொல்லச் சொன்னது? பூட்டுன நேரத்துக்குக் கூலி எந்த மகராசன் குடுப்பான்? தீவாளி ஆர்டரு நேரத்துல ரூமப் பூட்டுனா நாங்க என்ன திரியத் திங்கவா?"

கூலியைப் பிடிக்காமல் பூட்டச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். அந்தப் பாதி அவர்கள் காதில் ஏறவில்லை. தலைவர் அதை மேடையில் சொல்லியிருந்தால் முதலாளிக்கும் பிடிக்காது, தொழிலாளிக்கும் முதலில் பிடிக்காது. விளங்க வைக்கப் பொறுமை வேண்டும். எதிர்க்கட்சியில் இருக்கும்போதே கூட்டத்துக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லத் தயங்குகிறவர், நாற்காலி கிடைத்த பிறகு சொல்வாரா? என் சந்தேகம் இவ்வளவுதான். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நடுவாசலில் வெயிலில் நின்று கேட்ட மனுஷர் அவர். கேட்டதும் உண்மை, விட்டதும் உண்மை.

தேர்தல் பிரச்சாரத்துக்குச் சாத்தூர் ரோட்டில் அவர் வேன் வந்தபோது என் ஓரகத்தியும் நானும் சேர்ந்தே போனோம். அவளை அவருக்கு அடையாளம் தெரிந்தது, மைக்கிலேயே "தங்கச்சி, நல்லா இருக்கீங்களா" என்றார். அவள் என்னை முதுகில் கை வைத்து முன்னே தள்ளினாள். எங்கிருந்துதான் அவளுக்கு அந்தத் தொண்டை வந்ததோ.

"ஐயா, வெயிலப் பத்திச் சொன்னது இவுகதான். அம்மை வீட்டு வாசல்ல."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். நினைவு வந்தது போலத்தான் இருந்தது. கும்பிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார், பின்னால் வெடிச்சரம் போட்டுவிட்டார்கள். அந்தச் சரம் எங்களைப் போல யாரோ பின்னியதுதான். காதைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

அந்தத் தடவை அவருக்குத்தான் போட்டேன். அவர் கட்சி ஜெயிக்கவில்லை. இதோ மறுபடி தேர்தல் வருகிறது, வாசலில் சின்னம் வரைய இடம் கேட்டு வந்துவிட்டார்கள். மருந்து அறை இன்றைக்கும் உச்சி வெயிலில் திறந்துதான் இருக்கிறது. இந்தச் சித்திரையில் என் வீட்டுக்காரரும் அந்த அறையில்தான் வேலை பார்க்கிறார். அவர் வருகிற வேன் சத்தம் கேட்கிற வரை நான் உலை வைப்பதில்லை.

யாருக்குப் போட வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். என் பேச்சு ஒரு முறை என் கையை விட்டுப் போய், வேறாக மாறித் திரும்பி வந்தது. இந்த முறை அப்படி ஆக வேண்டாம். இதை நாலு பேருக்குச் சொல்கிறவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். அவரைத் திட்டுவதற்கு வேண்டியதை மட்டும் எடுக்காதீர்கள், புகழ்வதற்கு வேண்டியதை மட்டும் எடுக்காதீர்கள். என் ஓரகத்தி கேட்டதை அவள் கேட்டதாகச் சொல்லுங்கள், நான் கேட்டதை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். என் வயிற்றெரிச்சலையும் விட்டுவிட வேண்டாம். ஆத்தாவை எடுத்துவிடாதீர்கள். மருந்து அறையைப் பூட்ட வேண்டும், கூலியைப் பிடிக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.